வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ. நூல் எடுப்பது

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா பக்கம் பழம் கொண்டுவரச் சொன்னால், மாணவர்கள் செம்பனை உதிரிப்பழத்தைப் பொறுக்கி வந்தாலும் வருவார்கள். 1917இல் மலாயாவிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தானே இருக்கிறது! ஆனால் அதன் சதையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய், வடிகட்டவே முடியாது. நன்கு பழுத்த பெராங்கான் வாழைப்பழம் போதும்.

முதல் வேலை, ஸ்பிரிட்டை உறைபெட்டியில் வைப்பது. முதல் நாள் இரவே வைத்துவிடுங்கள். 95% எத்தனால் நல்லது. மருந்துக்கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரோப்பில் ஆல்கஹால் என்றால் வடிநீரைப்போல் (பழக்கரைசலை வடிகட்டிக் கிடைப்பது) மூன்று மடங்கு ஊற்ற வேண்டும். அளவு குறைந்தால் நூல் திரளாது.

90 மி.லி. தண்ணீரில் 10 மி.லி. பாத்திரம் கழுவும் சோப்பு, கால் தேக்கரண்டி உப்பு. நுரை வராமல் கலக்குங்கள். சோப்பு செல்சவ்வின் கொழுப்பைக் கரைக்கும். டி.என்.ஏ. இழைகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் அதைத் தணிப்பதால்தான் அவை ஒன்றுசேர்கின்றன.

50 கிராம் பழத்தை ஜிப் பையில் போட்டு, கட்டியில்லாமல் இரண்டு நிமிடம் பிசையுங்கள். பிறகே சோப்புக்கரைசலை ஊற்ற வேண்டும். அதற்குப் பின் கசக்கக் கூடாது, மெல்லப் புரட்டினால் போதும். பிளெண்டர் வேண்டவே வேண்டாம். வெளியே வந்த இழை துண்டுதுண்டானால் குச்சியில் சுற்றாது.

பையைப் பத்து நிமிடம் 60 பாகை நீரில் வையுங்கள். வெப்பமானி இல்லையா? கொதிநீரும் குழாய்நீரும் சரிபாதி கலந்தால் கிட்டத்தட்ட அந்தச் சூடு வரும். டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் இதில் தளரும். உடனே ஐஸில் ஐந்து நிமிடம்.

கோப்பி வடிகட்டும் துணியில் தானாகச் சொட்டவிடுங்கள். அவசரப்பட்டுப் பிழிந்தால் பழத்தின் பசைப்பொருளான பெக்டினும் சேர்ந்து வந்து கலங்கலாகிவிடும்.

சோதனைக் குழாயில் 5 மி.லி. வடிநீர். குழாயைச் சாய்த்து, 10 மி.லி. குளிர்ந்த எத்தனாலைச் சுவரோரமாக வழியவிடுங்கள். இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்க வேண்டும். அருகில் தீ கூடாது. மூன்று நான்கு நிமிடத்தில் இடைக்கோட்டிலிருந்து வெள்ளையாய், சளிபோல, குமிழிகளைச் சுமந்தபடி ஒன்று மேலெழும். சாத்தே குச்சியை ஒரே திசையில் சுழற்றினால் ஒட்டிக்கொண்டு வரும்.

அத்தனையும் டி.என்.ஏ. என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். பெக்டின், புரதம், ஆர்.என்.ஏ. எல்லாம் அதில் உண்டு. சோப்பு சேர்க்காத இன்னொரு பையையும் இதேபோல் செய்து பக்கத்தில் வையுங்கள். அதிலும் கொஞ்சம் வெள்ளை திரளும். எதனால் என்று அவர்களே விவாதிக்கட்டும்.