இரண்டாம் குரலிலிருந்து தொடங்குங்கள்: ஸ்டைலிஸ்டிக்ஸின் முதல் ஆல்பத்தைக் கேட்கவும் பாடவும்

காட்பாடியில் எங்கள் திருச்சபைப் பாடகர் குழுவில் முப்பத்தொரு ஆண்டுகள் ஆல்ட்டோ, அதாவது ராகத்தைப் பாடும் சோப்ரானோவுக்குக் கீழே வரும் இரண்டாம் குரல், பாடினேன். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போவது சோப்ரானோவின் ராகத்தைத்தான். ஆனால் ஆல்ட்டோ ஒரு ஞாயிறு வராவிட்டால் பாட்டு மெலிந்துபோனது எல்லோருக்கும் தெரியும். ஸ்டைலிஸ்டிக்ஸ் என்ற அமெரிக்கப் பாட்டுக்குழுவின் முதல் ஆல்பத்துக்கான இந்த வழிகாட்டியை அந்த இடத்தில் நின்றே எழுதுகிறேன்.

போன ஆண்டு செப்டம்பரில் என் தங்கை மகனும் அவன் நண்பர்கள் நால்வரும் வீட்டுக்கு வந்தார்கள். டிசம்பர் கடைசியில் ஒரு கல்யாண வரவேற்பில் பாட வேண்டும் என்றார்கள். தேர்ந்தெடுத்திருந்த பாட்டு 'பெட்சா பை காலி, வாவ்'. அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் 1996-ல் 'இமான்சிப்பேஷன்' ஆல்பத்தில் பாடியதைக் கேட்டுவிட்டு, அதுவே மூலம் என்று நம்பியிருந்தார்கள். நான் உள்ளே போய் என் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழைய கேசட்டை எடுத்துவந்து மேசைமேல் வைத்தேன். உறையில் ஐந்து பேர் பெயர் இருந்தது.

அந்த ஐவர் தி ஸ்டைலிஸ்டிக்ஸ், பிலடெல்பியா நகரத்தவர்கள். பள்ளிக்காலத்து இரண்டு குழுக்கள், மொனார்க்ஸ், பெர்கஷன்ஸ், ஆட்கள் குறைந்து கலைந்தபோது, மிஞ்சியவர்கள் 1968-ல் ஒன்றுசேர்ந்தார்கள். முதல் குரல் ரஸல் தாம்ப்கின்ஸ் ஜூனியர். உடன் ஏரியன் லவ், ஜேம்ஸ் ஸ்மித், ஹெர்ப் முரெல், ஜேம்ஸ் டன். குழுவின் பெயரையே தாங்கிய முதல் ஆல்பம் 1971-ல் ஆவ்கோ நிறுவனத்தில் வெளிவந்தது. ஒன்பதே பாடல்கள், 'பெட்சா'வும் அவற்றில் ஒன்று. ஒன்றைத் தவிர மற்றவற்றைத் தயாரித்து இசையமைத்தவர் தாம் பெல். அவருடைய மெட்டுகளுக்கு வரிகள் எழுதியவர் லிண்டா கிரீட் என்ற இளம்பெண். பதிவு பெரும்பாலும் நடந்த சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தை ஜோ டார்சியா தொடங்கியதும் 1968-ல்தான்.

முதல் வாரம் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். கேளுங்கள். வேலூரில் அதற்கு ஏற்ற நேரம் விடியற்காலை ஐந்தரை. மின்விசிறி சுழன்றால் பின்னால் நிற்கும் குரல்கள் அந்த இரைச்சலில் கரைந்துவிடும். அக்னி நட்சத்திரத்திலும் அந்த ஒரு மணி நேரம் விசிறி இல்லாமல் உட்கார முடிகிறது. ஹெட்போன் இருந்தால் போடுங்கள். ஒரே பாட்டை மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை தாம்ப்கின்ஸ் மட்டும். இரண்டாம் முறை அவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் பாடுகிறவர்கள் மட்டும். மூன்றாம் முறை, யாரும் பாடாத இடங்களில் என்ன நடக்கிறது என்று. பையன்களுக்கு இரண்டாவது பெரும்பாடாக இருந்தது. முதல் குரலைக் காதிலிருந்து விலக்க அவர்களுக்கு நான்கு நாள் ஆயிற்று.

இந்தப் பயிற்சிக்கு நான் எடுப்பது அந்த ஆல்பத்தின் 'யூ ஆர் எவ்ரிதிங்'. கதை சின்னது. ஒருவன் தெருவில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். நடை, சாயல் எல்லாம் பிரிந்துபோன அவளுடையதாகவே இருக்கிறது. அவள் மூலை திரும்பும்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுகிறான். திரும்பியது வேறு யாரோ. கூசிப்போகிறான். காட்பாடி ரயில் நிலையத்தின் முதல் நடைமேடையில் எனக்கும் இது நடந்தது. இறந்துபோன என் அக்காவின் அதே பின்னல், தோளில் பையை மாட்டியிருந்த அதே விதம். "அக்கா" என்று குரல் வெளியே வந்துவிட்டது. திரும்பிய அம்மாள் கோபப்படவில்லை. "யாரும்மா வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கூச்சத்தோடுதான் இந்தப் பாட்டைப் பாட வேண்டும். கைதட்டலை எதிர்பார்த்துப் பாடினால் கதை செத்துவிடும்.

அதன் தொடக்கத்தில் சிதாரைப் போல அதிரும் ஒரு தந்தி ஒலி வரும். அது மின்சார சிதார். கிதார் போலவே பிடித்து வாசிக்கும் கருவி. வின்சென்ட் பெல் என்ற கிதார் கலைஞரின் யோசனையில் டேன்எலக்ட்ரோ நிறுவனம் 1967-ல் கோரல் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. தந்திகளைத் தாங்கும் தட்டையான பாலத்தின்மேல் தந்தி உரசி அதிர்வதால் அந்த ரீங்காரம் பிறக்கிறது. தம்பூராவில் ஜீவா என்னும் ரீங்காரத்துக்கு நூல் வைத்துச் சரிசெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். எங்களிடம் இருந்தது சாதாரண கிதார்தான். பழைய காலண்டர் அட்டையில் விரலகலத் துண்டு வெட்டி, பாலத்தை ஒட்டித் தந்திகளுக்குள் மேலும் கீழுமாகக் கோத்துவிட்டோம். அட்டை பாலத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சுருதி தெளிவு. விலகினால் தகரச் சத்தம். சிதார் ஆகிவிடாது. ஆனால் முதல் நான்கு சுரத்திலேயே கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி முதல் குரல். தாம்ப்கின்ஸ் பாடும் அந்த உயரக் குரலை நம் ஊரில் கள்ளக்குரல் என்பார்கள். சாஸ்திரீய சங்கீதத்தில் அதைக் குறையாகச் சொல்வதால், நம் பையன்கள் அதைத் தொடவே தயங்குகிறார்கள்; தொட்டால் கத்துகிறார்கள். பிலடெல்பியாவின் இந்தப் பாட்டு முறையில் அதுதான் நேர்குரல். அங்கே உயரம் வீரத்தைக் காட்டுவதற்காக வருவதில்லை. மனம் உடைந்த ஆண் மெதுவாகப் பேசுவதற்காக வருகிறது. ஆகவே சோதனை இதுதான்: பாட்டின் மிக உயர்ந்த சுரத்தை, பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை விழிக்காத அளவு மெல்ல, நான்கு எண்ணிக்கை பிடிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அரைக் கட்டை இறக்குங்கள். மறுபடி சோதியுங்கள். என் தங்கை மகனுக்கு இரண்டரைக் கட்டை இறக்கினோம். அவனுக்கு வருத்தம். "பெரியம்மா, இவ்வளவு இறக்கினால் அந்தப் பாட்டு மாதிரியே இருக்காதே" என்றான். மூலத்தின் கட்டையில் ஒருமுறை பாடச் சொல்லி, செல்போனில் பதிந்து, இரண்டையும் அவனையே கேட்க வைத்தேன். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

தொண்டை கரகரத்தால் அன்றைக்குப் பாட வேண்டாம். பாலாற்று மணல்காற்று அடிக்கும் மாதங்களில் மொட்டைமாடியில் பயிற்சி வைக்காதீர்கள்.

துணைக்குரல்களுக்குத்தான் நான் அதிக நாள் எடுத்துக்கொண்டேன். நம் கீர்த்தனைகளில் சபை முழுவதும் ஒரே ராகத்தைப் பாடும். அதில் ஒவ்வொருவரும் சுரத்தைச் சற்று வளைத்து, இழைத்துப் பாடுவது அழகு. அந்தப் பழக்கம் இரத்தத்தில் இருக்கிறது. ஆனால் நான்கு பேர் நான்கு சுரத்தில் நிற்கும்போது இருவர் இழைத்தால் போதும், மொத்தமும் கலங்கிவிடும். இழைக்கும் உரிமை முதல் குரலுக்கு மட்டும். மற்றவர்கள் சுரத்தின் நடுவில் போய் நிற்க வேண்டும், அசையாமல். இதைப் பழக, வார்த்தையை எடுத்துவிட்டு 'ஊ' என்று மட்டும் ஒரு வாரம் பாட வைத்தேன். பிறகு 'ஆ'. பிறகுதான் வார்த்தை. நால்வரின் வாயும் ஒரே அளவு திறந்திருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொண்டார்கள். ஆங்கிலச் சொற்களின் கடைசி 'ஸ்', 'ட்' ஒலிகளை ஒருவர் மட்டும் உச்சரிக்கட்டும். நால்வரும் உச்சரித்தால் மழைத்தூறல் தகரக்கூரையில் விழுவது போல ஆகிவிடும்.

சால்ஃபா எழுத்து (சுரங்களை டோ, ரே, மி என்ற எழுத்துகளால் குறிக்கும் முறை) தெரிந்தவர்கள் ஒவ்வொரு குரலையும் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் மூன்று பேருக்குத் தெரியாது. அவர்களுக்கு ஒவ்வொருவர் பகுதியையும் நானே பாடிப் பதிந்து அனுப்பினேன். சத்துவாச்சாரியிலிருந்து வரும் பையன் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டே வருவான். இறங்கும்போது அவன் பகுதி தயாராக இருக்கும்.

அடுத்தது, இந்தப் பாடல்களை மற்றவர்கள் பாடிய பதிவுகள். இவற்றைத் தவறாமல் கேளுங்கள், ஆனால் மூலம் மனதில் ஊறிய பிறகு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இவர் எதை மாற்றினார், அதனால் எது போயிற்று, எது வந்தது? 'யூ ஆர் எவ்ரிதிங்' பாட்டை டயானா ராஸும் மார்வின் கேயும் 1973-ல் வந்த தங்கள் ஜோடி ஆல்பத்தில் பாடினார்கள். மறுஆண்டு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அந்தப் பாட்டு ஐந்தாம் இடம்வரை ஏறியது. இரண்டு பெரிய குரல்கள், கேட்க இனிமை. ஆனால் அவள் இல்லாததால்தானே அவன் யாரையோ அவள் என்று நினைத்தான்? ஜோடியாகப் பாடும்போது அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். எனக்கு அங்கே கதை நழுவிவிடுகிறது. அதே ஆல்பத்தில் அவர்கள் பாடிய 'ஸ்டாப், லுக், லிசன்' ஒரு மனதுக்கு மற்றொரு மனம் சொல்லும் புத்தி. அது இருவருக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த வித்தியாசத்தை எடைபோடுங்கள்.

'பெட்சா' வரலாறு இன்னும் சுவையானது. ஸ்டைலிஸ்டிக்ஸுக்கு முன்பே, 1970-ல், கானி ஸ்டீவன்ஸ் என்ற பாடகி இதே பாட்டை 'கீப் குரோயிங் ஸ்ட்ராங்' என்ற பெயரில் பாடியிருந்தார். அப்போது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1972-ல் ஸ்டைலிஸ்டிக்ஸ் பாடியது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வந்தது. தலைப்பில் உள்ள சொற்களுக்கு அகராதியில் பெரிய பொருள் கிடையாது. ஆளைப் பார்த்ததும் வாயிலிருந்து வரும் 'அடேயப்பா' போன்ற வியப்பு. நம்பிப் பாடினால் மட்டுமே அது நிற்கும். 1976-ல் டிரம்ஸ் கலைஞர் நார்மன் கானர்ஸின் ஆல்பத்தில் ஃபிலிஸ் ஹைமன் இதைப் பாடினார். அடர்ந்த பெண்குரல், அவசரமே இல்லாத நடை. உயரக் குரல் இல்லாத குழுக்கள் அந்தப் பதிவைத்தான் பாடமாகக் கொள்ள வேண்டும். பிரின்ஸ் மூலத்துக்கு அருகிலேயே, உயரக் குரலிலேயே பாடுகிறார். மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகு பையன்கள் தாங்களாகவே பிலடெல்பியா பதிவுக்குத் திரும்பினார்கள்.

'பீப்பிள் மேக் த வேர்ல்ட் கோ ரவுண்ட்' பாட்டைக் கல்யாணத்தில் பாட வேண்டாம். ஆல்பத்தில் அது ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது. காற்றின் ஓசையோடு தொடங்குகிறது. குப்பை அள்ளுகிறவர்கள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைக்கு வரவில்லை, பஸ்கள் ஓடவில்லை என்று ஊர்க்கவலையைப் பாடும் பாட்டு. மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக இருந்தபோது, 1972-ல், 'பென்' ஆல்பத்தில் இதைப் பாடினார். ஜாஸ் கலைஞர் மில்ட் ஜாக்சன் தம் 'சன்ஃபிளவர்' ஆல்பத்தில் வைப்ராஃபோனில், அதாவது உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவியில், வாசித்தார். வரிகளே இல்லை, ஆனாலும் கவலை அப்படியே இருக்கிறது. மாலையில் கோட்டை அகழியோரம் நடக்கும்போது இந்த மூன்றையும் கேளுங்கள். மெட்டு எவ்வளவு பலமானது என்பது அப்போது புரியும்.

மற்றவற்றில் 'யூ ஆர் எ பிக் கேர்ள் நவ்' மட்டும் தாம் பெல் வருவதற்கு முன்பே பதிவானது. கேட்டால் வேறு கை என்று உடனே தெரியும். பின்னணி எளிமையாக இருப்பதால் புதுக் குழுக்கள் பழகுவதற்கு நல்லது.

லிண்டா கிரீட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோயோடு பல ஆண்டுகள் போராடி 1986 ஏப்ரலில், 37 வயதில் இறந்தார். அவர் வரிகள் எழுதி, ஜார்ஜ் பென்சன் 1977-ல் பாடியிருந்த 'த கிரேட்டஸ்ட் லவ் ஆஃப் ஆல்' பாட்டை விட்னி ஹூஸ்டன் மறுபடி பாடி, அது அமெரிக்காவில் முதலிடம் வந்தது அடுத்த மாதம், மே 1986-ல். பாட்டுப் பயிற்சியில் இது எதற்கு என்று ஒருவன் கேட்டான். ஊரெல்லாம் இருந்து நோயாளிகள் வந்து இறங்கும் ஊரில் வாழ்கிறோம். அந்த வரிகளை எழுதிய கை யாருடையது என்று தெரிந்து பாடட்டும் என்றுதான் சொன்னேன்.

மேடைக்கு வருவோம். ஒலிபெருக்கிக்காரரிடம் எதிரொலி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு நேரில் போய்ச் சரிபார்த்துவிடுங்கள். நாங்கள் சொன்னோம், சரிபார்க்கவில்லை. முதல் பாட்டில் எதிரொலி நான்கு குரலையும் குழைத்து ஒன்றாக்கிவிட்டது. என் தங்கை மகன் பாடிக்கொண்டே கையால் சைகை காட்ட, ஒரு நண்பன் இறங்கி ஓடிப்போய் அந்தக் குமிழைத் திருப்பினான். முதல் குரலுக்கு ஒரு மைக், நால்வருக்கும் சேர்த்து ஒன்று. அந்த நால்வரும் அரைவட்டமாக, ஒருவர் காது மற்றவர் வாய்க்கு எட்டும் நெருக்கத்தில் நிற்க வேண்டும். தனித்தனி மைக் கொடுத்தால் யாருடைய குரல் மேலே வர வேண்டும் என்பதை ஒலிபெருக்கிக்காரர் தீர்மானிப்பார். ஒரே மைக் என்றால் பாடுகிறவர்களே தீர்மானிக்கிறார்கள்.

இரண்டாவது பாட்டாக 'பெட்சா' பாடினார்கள். பிரியாணிப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போன ஒரு பெரியவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு தூணருகே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, இடப்பக்கம் ஓரத்தில் நின்றானே, அந்தக் கீழ்க்குரல் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்.