சின்னச் செயல்களின் வழியில் நாம் தவறும் இடங்கள்

பிரான்சில் லிசியு நகரில் வாழ்ந்த துறவி, புனித குழந்தை தெரேசா என்றதும் கை நிறைய ரோஜாப்பூவோடு நிற்கும் சுரூபம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. அதனாலேயே, சின்னச் செயல்களை அன்போடு செய்து கடவுளை நெருங்க அவர் காட்டிய 'சிறு வழி' இனிப்பான, சுலபமான பக்தி என்று நினைத்துவிடுகிறோம். 15 வயதில் கார்மேல் சபைத் துறவியர் மடத்தில் சேர்ந்து, 1897-இல் 24 வயதில் காசநோயால் இறந்தவர் அவர். கடைசி ஒன்றரை ஆண்டு, விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற சோதனை விடாமல் வாட்டியபோதும் செபத்தைக் கைவிடவில்லை. அதில் சுலபம் எதுவும் இல்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது கணக்குப் போடும் பழக்கம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் டீயை விட்டேன், சீரியலை விட்டேன், இத்தனை செபமாலை சொன்னேன் என்று மனதுக்குள் ஒரு பேரேடு ஓடிக்கொண்டே இருக்கும், நாற்பது நாள் முடிந்ததும் கடவுள் நமக்கு ஏதோ பாக்கி வைத்திருப்பது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும். தெரேசாவும் சிறுமியாக இருந்தபோது மணிகள் கோத்த கயிற்றில் தன் ஒறுத்தல்களை, அதாவது கடவுளுக்காக விட்டுக்கொடுத்தவற்றை, எண்ணியவர்தான். அதே தெரேசா 1895 ஜூன் 9 அன்று இறைவனின் இரக்கத்துக்குத் தன்னைக் கையளித்த செபத்தில், என் நற்செயல்களை எண்ண வேண்டாம், வெறுங்கையோடு வருகிறேன் என்றார். அந்தப் பயணத்தைக் கவனியுங்கள். குழந்தைகளுக்கு எண்ணிப் பழக்குவது சரி, ஆனால் பெரியவர்கள் அங்கேயே நின்றுவிடக் கூடாது.

அப்புறம், நமக்குப் பிடித்த சின்ன உதவியைச் செய்துவிட்டு மற்றவருக்கு என்ன தேவை என்று பார்க்காமல் விடுவது. மடத்தில் நடக்கச் சிரமப்பட்ட வயதான சகோதரி ஒருவரைத் தெரேசா தினமும் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போவார். வேகமாக நடந்தாலும் திட்டு, மெதுவாக நடந்தாலும் திட்டு. உட்கார வைத்ததோடு அவர் வேலை முடிந்தது. ஆனால் அந்தச் சகோதரிக்கு ரொட்டியை வெட்டக் கை வரவில்லை என்பதைக் கவனித்து, யாரும் கேட்காமலே வெட்டிக் கொடுத்துவிட்டு, ஒரு புன்னகையோடு போனார். அந்தக் கவனிப்புதான் பலரிடம் விட்டுப்போகிறது.

தன்னிடம் இருந்த இரண்டு காசையும் கோவில் காணிக்கையாகப் போட்டு இயேசுவின் பாராட்டைப் பெற்ற ஏழைக் கைம்பெண்ணைச் சொல்லி ஏழைகளிடம் காணிக்கை கேட்பதும் தவறு. மாற்கு 12-ஆம் அதிகாரத்தில் அந்தக் காட்சிக்குச் சற்று முன்புதான், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிற மறைநூல் அறிஞர்களை இயேசு கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். புதினாவுக்கும் சீரகத்துக்கும்கூடப் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களிடம் அவர் சொன்னது மத்தேயு 23:23-இல் இருக்கிறது: இதையும் செய்யுங்கள், அதையும் விடாதீர்கள். வேலைக்காரருக்குச் சம்பளப் பாக்கி வைத்துக்கொண்டு பீடத்துக்குப் பூ வாங்குவது எந்தச் சிறு வழியிலும் சேராது.

கடைசியாக, மிக முக்கியமானது. சின்னச் சின்ன எரிச்சல்களைப் பொறுத்துக்கொள்வதும் அடியையும் அவமானத்தையும் பொறுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. துணி துவைக்கும்போது எதிரே நின்ற சகோதரி முகத்தில் அழுக்குத் தண்ணீரைத் தெறிக்கவிட்டபோது முகம் சுளிக்காமல் நின்ற தெரேசா, மடத்துக்குப் புதிதாக வந்த நவதுறவியரைப் பயிற்றுவிக்கும் பொறுப்பு வந்ததும் தவறுகளை நேரடியாகச் சுட்டிக்காட்டினார், அதனால் அவரைக் கண்டிப்பானவர் என்றும் சிலர் நினைத்தார்கள். வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடம் 'சிலுவை என்று நினைத்துத் தாங்கிக்கொள்' என்று சொல்வதற்கு அவரைத் துணைக்கு அழைக்காதீர்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று பாதுகாப்பாகத் தங்க ஓர் இடமும், கூடவே காவல் நிலையத்துக்கு வர ஓர் ஆளும் வேண்டும்.