இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு ஃபிளை ராட் வீசக் கற்றுத்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபிளை ராட் என்பது, ஃபிளை எனும் லேசான போலி இரையை வீசும் தூண்டில் கோல். மணிக்கட்டை ஆட்டுவதும், பின்வீச்சில், அதாவது ராடைப் பின்னால் வீசும்போது, லைன் (தூண்டில் நூல்) நீளும்வரை பொறுக்காததும் எல்லாப் புதியவர்களுக்கும் உரியவை. பழகப் பழகப் போய்விடும். என் கவலை கற்றுத்தருபவர்களைப் பற்றியது.

வலக்கைக்கு மாற்றுவது

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கக் கரையில் ஒரு மாமா, "சோற்றுக் கையால் பிடி, மாப்பிள்ளை" என்று அக்கா மகனை அதட்டிக்கொண்டிருந்தார். எழுதுவது, பந்து எறிவது எல்லாமே அந்தப் பையனுக்கு இடக்கைதான். பணத்தை இடக்கையால் நீட்டாதே என்பது வீட்டு மரியாதை. அதைத் தூண்டிலுக்கும் கொண்டுவருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஃபிளைக்கு எடையே இல்லை என்று சொல்லலாம். கனமான லைன்தான் அதை இழுத்துச் செல்கிறது. ராடை மெல்ல வேகமெடுக்கவைத்துச் சட்டென நிறுத்தினால் லைன் குறுகிய வளையமாக விரியும். அந்த நிறுத்தம் பழகிய கைக்கு எளிதில் வரும். பழகாத கை நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும். வளையம் அகன்று லைன் காலடியில் குவியும். அன்று அதுதான் நடந்தது. பையன் தனக்கு இது வராது என்று முடிவுசெய்து ராடைக் கீழே வைத்துவிட்டான். மாமாவோ அவனுக்குப் பொறுமை இல்லை என்றார்!

நீங்கள் வலக்கைக்காரர் என்றால் அவருக்கு எதிரே நின்று, லைன் கோக்காத ராடால் வீசிக் காட்டுங்கள். கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல அவர் பின்பற்றுவார். வலது, இடது என்ற பேச்சே வேண்டாம். ராட் கை, லைன் கை என்று சொல்லுங்கள்.

ரீலை அப்படியே கொடுப்பது

இடக்கையால் வீசுபவர்களில் பலர் ரீலை, அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளையை, வலக்கையால் சுற்றுவார்கள். அதற்காக ரீலை முன்பின்னாகத் திருப்பி மாட்டினால் மட்டும் போதாது. பல ரீல்களில் உள்ளே இருக்கும் ஒருவழித் தடுப்பையும் திருப்ப வேண்டும். லைன் முழுவதையும் அவிழ்த்து எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாம் சுற்றும்போது ரீல் இறுகும், பீகாக் பாஸ் மீன் இழுத்து ஓடும்போது தளரும்.

காற்றைப் பாராதது

இடப்பக்கக் காற்று ஃபிளையை இவர் முகத்தை நோக்கித் தள்ளும். உங்களுக்கு வசதியான இடம் இவருக்கு ஆபத்தாகலாம். இடத்தை மாற்றுங்கள்.

கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாதது

அணியாதவர் கையில் ராடைக் கொடுக்காதீர்கள்.

முதல் நாளே கொக்கி

வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புல்வெளியும், கொக்கிக்குப் பதிலாக ஒரு துண்டுக் கம்பளி நூலும் போதும். நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்க அனுமதித்த பகுதிக்குப் பின்னாலேயே ஓட்டப் பயிற்சி செய்பவர்கள் வருவதுண்டு. பின்வீச்சு கட்டுக்குள் வந்த பிறகு அங்கே போகலாம். அருகில் நின்று திருத்தும்போது அவருடைய வலப்பக்கம் நில்லுங்கள். ராடும் லைனும் இடப்பக்கம்தான் பறக்கும்.