ரிம்வேர்ல்ட் கணினி விளையாட்டில் கட்டட வேலை இழுபடுகிறதா?

வன்னியில் வீடு கட்டும்போது மேசன் கல் சுமக்கப் போவதில்லை. கூலியாள் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். ரிம்வேர்ல்டிலும் அப்படியே ஒழுங்குபடுத்துங்கள். கட்டுமிடத்தை ஒட்டிச் சின்னச் சேமிப்பிடம் ஒன்று குறித்து, கல்லையும் மரத்தையும் மட்டும் அனுமதித்து, அதன் முன்னுரிமையைப் பிரதான களஞ்சியத்தைவிட உயர்த்துங்கள். சுமப்பவர்கள் தாங்களாகவே நிரப்புவார்கள்.

வேலைப் பட்டியலில் கைமுறை முன்னுரிமையை இயக்குங்கள். 1 முதலிடம், 4 கடைசி. திறன் கூடியவருக்குக் கட்டுமானம் 1, சுமத்தல் 3. மற்றவர்களில் இருவருக்காவது சுமத்தல் 2. இரண்டு வேலைக்கும் ஒரே எண் கொடுத்தால் பட்டியலில் இடப்பக்கம் உள்ளதுதான் முதலில் நடக்கும். பலருடைய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. திறன் குறைந்தவரைக் கட்டவிட்டால் வேலை பிழைத்து, பொருளில் ஒரு பகுதி வீணாகும்.

முழு ஊரையும் கட்டுவதற்கு ஒரேயடியாகக் குறிக்காதீர்கள். ஒரு கட்டம் (வரைபடத்தின் ஒரு சதுரம்) சுவருக்கு 5 கற்கட்டி; ஒரு பாறைத்துண்டை வெட்டினால் 20 கிடைக்கும், அதாவது 4 கட்டம். இருப்பைப் பார்த்து அறை அறையாகக் குறியுங்கள். அவசரமென்றால் மரச்சுவர் சீக்கிரம் எழும், ஆனால் தீப்பிடிக்கும். கூரை, தாங்கும் சுவரிலிருந்து 6 கட்டத்துக்கு மேல் நிற்காது. பெரிய மண்டபத்துக்கு நடுவில் தூண் வையுங்கள்.