வயசான மறதியா, டிமென்ஷியாவா? வீட்டில் கவனித்துக் குறிப்பது எப்படி

டிமென்ஷியா என்பது மூளை பாதிப்பால் நினைவும் யோசனையும் குறைந்துகொண்டே போகும் நிலை. கூடவே இருப்பவர்களுக்குத்தான் பல நேரம் மறதி தாமதமாகத் தெரிகிறது. மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கரண்ட் பில்லைக் கட்டி, பேச்சில் விட்டுப்போன சொல்லையும் நிரப்பி, தெரியாமலே அதை மூடிவிடுகிறார்கள்.

அதனால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், நடந்தது, நீங்கள் செய்த உதவி. ‘மறதி ஜாஸ்தி’ என்று எழுதிப் பயனில்லை. ‘9 மணிக்குச் சாப்பிட்டார், 9.30-க்கு டிபன் கேட்டார்; இட்லி, தக்காளிச் சட்னி என்று சொல்லியும் ஞாபகம் வரவில்லை’ என்று எழுதுங்கள். கடைசித் துண்டுதான் முக்கியம். அப்படி ஞாபகப்படுத்தியதும் நினைவு வந்தால் பெரும்பாலும் வயசு மறதி. சம்பவமே பதியவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். பழைய கல்யாணக் கதையைப் பிசகாமல் சொல்கிறாரே என்று ஏமாறாதீர்கள். டிமென்ஷியாவில் அதிகம் வரும் வகையான அல்சைமரில் புதியதுதான் முதலில் போகும்.

உடனிருப்பவர் நிரப்ப ஏடி8 என்ற 8 கேள்விப் பட்டியல் உண்டு. ஒப்பிட வேண்டியது மறதி உள்ளவருடைய பழைய நிலையோடு, பக்கத்து வீட்டுத் தாத்தாவோடு அல்ல. முட்டிவலியால் கடைக்குப் போகாததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கேள்விகளுக்கு ‘மாற்றம் உண்டு’ என்றால் பரிசோதனை தேவை. அதுவே நோய் முடிவு ஆகாது.

டாக்டரிடம் போகும்போது நோட்டோடு எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள் எல்லாமே மறதி தரும், சரிசெய்யக்கூடியவை. ஓரிரு நாளில் திடீரெனக் குழம்பினால் நோட்டுப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். கிருமித்தொற்றோ சோடியம் குறைவோ இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி.