'இட்' எங்கே வரும்?

ஃபேனை நிறுத்த 'டர்ன் ஆஃப் த ஃபேன்' என்றும் சொல்லலாம், 'டர்ன் த ஃபேன் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஃபேன் என்ற பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டால் மட்டும் ஒரே வழிதான்: 'டர்ன் இட் ஆஃப்'. 'டர்ன் ஆஃப் இட்' தவறு. 'பிக் ஹிம் அப்', 'த்ரோ தெம் அவே' எல்லாம் இதே ரகம். இட், ஹிம், ஹெர், தெம் நடுவில்தான் வரும்.

அப்படியானால் 'லுக் ஹிம் ஆஃப்டர்' சரியா? இல்லை. அங்கே 'லுக் ஆஃப்டர் ஹிம்'தான். 'வெயிட் ஃபார் மீ', 'லுக் அட் இட்' இவற்றையும் பிரிக்க முடியாது. எது பிரியும், எது பிரியாது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் வேலை. ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியில் அந்த வினையைத் தேடி, 'சம்திங்' அல்லது 'சம்படி' எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 'டர்ன் சம்திங் ஆஃப்' என நடுவில் இருந்தால் பிரியும். 'லுக் ஆஃப்டர் சம்படி' எனக் கடைசியில் மட்டும் இருந்தால் பிரியாது. கைபேசியில் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

அப்புறம், நம் வேற்றுமை உருபுகளை நம்பி ஆங்கிலம் பேசினால் மாட்டிக்கொள்வோம். 'எனக்கு ஃபோன் பண்ணு' என்பதில் 'கு' இருக்கிறதே என்று 'கால் டு மீ' என்போம். 'கால் மீ' போதும். 'நான் சொல்வதைக் கேள்' என்பதற்கு 'லிஸன் மீ' என்போம். அங்கேதான் 'டு' கட்டாயம், 'லிஸன் டு மீ'. நம் ஊரில் அதிகம் காதில் விழுவது 'எக்ஸ்ப்ளெய்ன் மீ'. அது 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ' என்று வர வேண்டும். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வேண்டவே வேண்டாம். 'லெட்ஸ் டிஸ்கஸ் இட்', அவ்வளவுதான்.