யூரியா கரைந்தால் கப் ஏன் குளிர்கிறது: செய்முறையும் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வட்டைக்கு (வயலுக்கு) எறியப் பசளை வாங்கி வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சோதனைக்கான பொருள் ஏற்கெனவே இருக்கிறது. யூரியா 30 கிராம், தண்ணீர் 100 மில்லிலீற்றர், வெப்பம் கடத்தாத ஒரு றெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) கப், வெப்பமானி போதும். சமையல் பாத்திரத்தை மட்டும் எடுக்க வேண்டாம்.

குறுணியை முதலில் இடித்துத் தூளாக்குங்கள். முழுக் குறுணி மெதுவாகத்தான் கரையும். அதற்குள் வெளிச்சூடு உள்ளே வந்துவிடும். தண்ணீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, தூளை ஒரேயடியாகக் கொட்டி, கிளறிக்கொண்டே ஆகக் குறைந்த வாசிப்பை எடுங்கள். 28 பாகையில் தொடங்கினால் 15 பாகைக்குக் கிட்ட இறங்கும். சில்வர் கப்பில் இறக்கம் சற்றுக் குறையும். ஆனால் அதன் வெளிப்பக்கம் வேர்த்து வழிவதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம்.

எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையா? பையைப் பாருங்கள். மாரியில் வாய் திறந்து கிடந்த யூரியா காற்றின் ஈரத்தை இழுத்துக் கட்டிபட்டிருக்கும். ஒரு பகுதி பைக்குள்ளேயே கரைந்துவிட்டது. நிறுத்த 30 கிராமில் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

இனிக் கணக்கு. ஒரு மூல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) யூரியா 60 கிராம். அது கரைய ஏறக்குறைய 15 கிலோயூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. யாரும் அடுப்பில் வைக்கவில்லை, ஆனாலும் கரைகிறது. வெப்பத்தை வெளிவிடும் தாக்கம்தான் தானாக நடக்கும் என்று பாடமாக்கியவர்கள் திணறும் இடம் இதுதான். பார்க்க வேண்டியது கரைசலுக்கும் சூழலுக்கும் சேர்த்த மொத்த எந்திரப்பியை, அதாவது சக்தியும் துணிக்கைகளும் எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதன் அளவை. அது கூடினால் தாக்கம் தானாக நடக்கும். பளிங்கில் ஒழுங்காக இறுகியிருந்த மூலக்கூறுகள் தண்ணீரில் பரவும்போது எந்திரப்பி மூலுக்குக் கெல்வினுக்கு சுமார் 70 யூல் கூடுகிறது. வெப்பத்தைக் கொடுக்கும் சூழல் இழக்கும் எந்திரப்பி, வெப்பத்தைக் கெல்வின் வெப்பநிலையால் (28 + 273 = 301) வகுத்தது: 15000 ÷ 301, அதாவது சுமார் 50 யூல். வரவு 70, செலவு 50. மிச்சம் 20 இருப்பதால்தான் கரைகிறது. அந்த 20ஐ 301ஆல் பெருக்கி மறைக்குறி போட்டால் கிப்சின் சக்தி மாற்றம் (மறையாக வந்தால் தாக்கம் தானாக நடக்கும்): மூலுக்கு −6 கிலோயூல்.

விடைத்தாளில் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. 301 கெல்வினுக்குப் பதிலாக 28 பாகையைப் போட்டால் விடை +13 கிலோயூல் என்று வரும். யூரியா கரையவே கரையாது என்று முடிவெழுத நேரும். யூலையும் கிலோயூலையும் கலந்தாலும் இதே கதிதான்.

மண்பானைக்கும் இதே கணக்கு. ஒரு மூல் நீர் ஆவியாக 44 கிலோயூல் வேண்டும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது காற்று வறண்டிருக்கும். ஆவி பரவும் எந்திரப்பி வரவு, சூழலின் செலவை மிஞ்சும், பானை குளிரும். அடைமழையில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருப்பதால் வரவும் செலவும் ஏறத்தாழச் சமன். அப்போது பானைத் தண்ணீர் குளிர்வது குறைவு.